காபித் தோல் சாயம், இரண்டு எல்இடி, ஒரு மல்டிமீட்டர்: ஒளியால் ஓடும் லாஜிக் கேட் செய்வது எப்படி

பிளஸ் டூ இயற்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு லாஜிக் கேட் (உள்ளீடுகளைப் பொறுத்து 0 அல்லது 1 என்று விடை சொல்லும் சுற்று) என்றால் ஒரு அட்டவணை. 0, 0 கொடுத்தால் 0; 1, 1 கொடுத்தால் 1. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அதே அட்டவணையை நாமே செய்த ஒரு கண்ணாடித் துண்டில், ஏற்காட்டுக் காபிப் பழத்தின் தோலிலிருந்து எடுத்த சாயத்தை வைத்து, இரண்டு எல்இடி வெளிச்சத்தை மட்டும் உள்ளீடாகக் கொடுத்து வரவைக்க முடியும். டிரான்சிஸ்டர் வேண்டாம், ஐசி வேண்டாம். மல்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தால் போதும். சேலத்தில் இருந்துகொண்டு இதை முதல்முறை செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி தனியாக இருந்தால் புற ஊதா ஒளிக்கு மட்டும்தான் அசைந்து கொடுக்கும். அனடேஸ் என்ற படிக வகைப் பொடியில் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ (எலக்ட்ரான் வோல்ட்டை நானோமீட்டர் அலைநீளமாக மாற்றும் எண்) அதால் வகுத்தால் சுமார் 388 நானோமீட்டர் வரும், அதைவிட நீளமான அலை எதுவும், அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் எல்லாமே, அதைப் பொறுத்தவரை இருட்டுதான். அதன்மேல் ஒரு சாயத்தை ஒட்டவைத்தால் கதை மாறிவிடும். சாய மூலக்கூறு பச்சை ஒளியை வாங்கிக்கொண்டு ஒரு எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் தள்ளும், அது கண்ணாடியின் கடத்தும் பூச்சு வழியாக வெளியே வந்து கம்பியில் ஓடி எதிர்ப்பக்கக் கண்ணாடிக்குப் போகும், அங்கே அயோடின் கரைசல் அதை வாங்கிவந்து எலக்ட்ரானை இழந்து நிற்கிற சாயத்திடம் திருப்பிக் கொடுக்கும். சாயம் பூசினால் மின்முனைக்கு ஒளி உணர்வு கூடும் என்பது 1887-லேயே வியன்னாவில் மோசர் கண்ட விஷயம். அதை நுண்துளை டைட்டானியம் டை ஆக்சைடுக்குக் கொண்டுவந்து உருப்படியான சூரிய மின்கலமாக்கி 1991-ல் நேச்சர் இதழில் வெளியிட்டவர்கள் ஓ'ரீகனும் கிரெட்சலும்.

லாஜிக் எங்கே வருகிறது? இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்டில் வேலை செய்த ஏ. பி. டி சில்வாவும் அவர் குழுவும் 1993-ல் ஒரே மூலக்கூறை ஆண்ட் கேட்டாக வேலை செய்ய வைத்தார்கள். ஹைட்ரஜன் அயனியும் சோடியம் அயனியும் உள்ளீடு, அந்த மூலக்கூறு உமிழும் ஒளி வெளியீடு. இரண்டு அயனியும் இருந்தால்தான் பளிச்சென்று ஒளிரும். 2006-ல் போலந்தின் கிராகோவில் ஷாச்சிவோவ்ஸ்கியும் உடன் இருந்தவர்களும் இதை மின்முனைக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளீடு இரண்டு நிற ஒளி, வெளியீடு மின்னோட்டம், ஆர் கேட்டா (ஏதாவது ஒரு உள்ளீடு இருந்தாலே 1) எக்ஸார் கேட்டா (ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும் 1) என்பதை மின்முனைக்குக் கொடுக்கிற மின்னழுத்தம் முடிவு செய்யும். அது கல்லூரி ஆய்வக வேலை. கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் வீட்டு மேசையிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஒன்றை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கேட் என்பது கண்ணாடியில் மட்டும் இல்லை. எத்தனை மைக்ரோஆம்பியருக்கு மேல் போனால் 1 என்று நீங்கள் போடுகிற கோட்டிலும் இருக்கிறது. கோட்டைக் கீழே போட்டால் ஆர் கேட்டாக இருக்கும் அதே கண்ணாடி, மேலே போட்டால் ஆண்ட் கேட் ஆகிவிடும். அதனால் கண்ணாடி செய்வதில் காட்டுகிற அக்கறையை அளப்பதிலும் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான்.

சாமான் சேர்ப்பது

எஃப்டிஓ கண்ணாடி முதலில். ஒரு பக்கம் மட்டும் ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசியிருக்கும், மின்சாரத்தைக் கடத்தும். இரண்டரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டு கலத்துக்கு நாலு துண்டு, உடைந்தால் மாற்ற இன்னும் இரண்டு வாங்கிவிடுங்கள். விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

டைட்டானியம் டை ஆக்சைடு நானோ பொடியாக இருக்க வேண்டும், துகள் 20 முதல் 25 நானோமீட்டர், அனடேஸ் அல்லது அனடேஸ் அதிகம் உள்ள பி25 வகை. பெயிண்ட் கடையில் கிடைக்கிற வெள்ளை நிறமியை வாங்கிவிட வேண்டாம். அது பெரும்பாலும் ரூட்டைல் வகை, துகள் பெரிது, மேலே அலுமினா, சிலிகா என்று பூச்சு வேறு போட்டிருப்பார்கள், சாயம் பிடிக்காது. சேலத்துப் பிள்ளைகள் நம் ஊர் வெள்ளைக்கல் பொடி ஆகுமா என்று கேட்பதுண்டு. அது மேக்னசைட், மெக்னீசியம் கார்பனேட், இதற்கு ஆகாது. டைட்டானியம் வருகிற இல்மனைட் தாது தமிழ்நாட்டில் கிடைப்பது மணவாளக்குறிச்சி போன்ற இடங்களின் கடற்கரை மணலில்.

மற்றதெல்லாம் சின்னச் சாமான்: வினிகர், பாத்திரம் கழுவும் திரவம், கல் அல்லது பீங்கான் கல்வம், செலோ டேப், மெழுகுவர்த்தி, காகிதம் பிடிக்கிற பைண்டர் கிளிப், முதலைக் கிளிப் வைத்த கம்பிகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பொட்டாசியம் அயோடைடு, அயோடின், எத்திலீன் கிளைகால். கடைசி மூன்றும் கல்லூரிகளுக்கு லேப் சாமான் கொடுக்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தை, நாய், பூனை இருக்கிற வீட்டில் மூடிப் பூட்டி வையுங்கள்.

பசை அரைப்பதும் பூசுவதும்

இந்தப் பக்குவத்தை எளிய முறையில் பள்ளி, கல்லூரிகளுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஸ்மெஸ்டாடும் கிரெட்சலும், 1998-ல். அவர்கள் கணக்கு 6 கிராம் பொடிக்கு 9 மி.லி. நீர்த்த அமிலம். நமக்கு 2 கிராம் பொடியும் 3 மி.லி. வினிகரும் தாராளம். பொடியைக் கல்வத்தில் போட்டு வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முன்னே விட்டது முழுதாகக் கலந்த பிறகே அடுத்ததை விட்டு அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் போகாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, வழவழவென்று வந்ததும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கலந்து, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள்.

பொடியை அளக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நானோ பொடி லேசான காற்றிலும் பறக்கும், நுரையீரலுக்குப் போகக் கூடாது.

இப்போது கண்ணாடி. ஆல்கஹாலில் துடைத்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சில பத்து ஓமுக்குள் காட்டுகிறதோ அதுதான் கடத்தும் பக்கம், அதை மேலே பார்த்தபடி வைக்கவும். மூன்று ஓரங்களில் செலோ டேப் ஒட்டுங்கள். டேப்பின் தடிமன்தான் பசையின் தடிமனைத் தீர்மானிக்கிறது, அதனால் ஒரே அடுக்கு போதும். நடுவில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் கண்ணாடிக் குச்சியை உருட்டாமல் படுக்கவைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள். இரண்டாம்முறை இழுத்தால் கோடு விழும். கோடு விழுந்துவிட்டால் ஈரத் துணியால் வழித்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது நல்லது. பசை காய்ந்ததும் டேப்பை உரியுங்கள்.

சுடுவது

450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் எலக்ட்ரான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போக வழி கிடைக்கும். வீட்டு கேஸ் அடுப்பில் வெப்பத்தை நிலையாக நிறுத்த முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் மஃபிள் ஃபர்னஸ் (சூட்டை நிலையாக நிறுத்தும் மூடிய உலை) இருந்தால் கெஞ்சியாவது அனுமதி வாங்குங்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளி உருக்குகிற உலையில் வைக்கலாமே என்று தோன்றும். வெள்ளி உருகுவது 962 டிகிரிக்குப் பக்கத்தில், அந்தச் சூட்டுக்கு வெகு முன்னாலேயே நம் கண்ணாடி குழைந்துவிடும்.

ஹாட் பிளேட்டில் சுட்டால் ஒன்றை நேரில் பார்க்கலாம். வெள்ளையாக இருந்த பூச்சு முதலில் பழுப்பாகும், சில இடங்களில் கருக்கும். பார்க்கிறவர்கள் பயந்துபோய் அணைத்துவிடுவார்கள். அணைக்கக் கூடாது. பசையில் இருந்த சோப்பும் வினிகரும் எரிகிற நிறம் அது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பழுப்பு விலகி மறுபடியும் வெள்ளை வெளேரென்று ஆகும். அப்போதுதான் உள்ளே இருந்த கசடெல்லாம் போனது என்று பொருள். அதன்பிறகு சூட்டைக் குறைத்துத் தானாக ஆறவிடுங்கள், இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும்.

சாயம்

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய வசதி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் அந்த மலைக்குக் கொண்டுவந்த காபி இன்றும் அங்கே விளைகிறது. கார்த்திகை, மார்கழியில் பழம் பறித்துப் பல்பரில் போட்டுக் கொட்டையைப் பிரித்தபின் சிவப்புத் தோல் குவியலாகக் கிடக்கும். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின், பெரும்பகுதி சயனிடின் வகை. சயனிடினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் கைகள் இருக்கின்றன, அந்தக் கைகள்தான் டைட்டானியம் அணுவைப் பிடித்துக்கொள்கின்றன. கைகள் இல்லாத சாயம் எவ்வளவு அடர்த்தியான நிறமாக இருந்தாலும் கழுவினால் போய்விடும். பச்சை இலைச் சாறு ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்பதற்கு இதுதான் காரணம். பச்சையத்துக்கு அப்படிப் பிடித்துக்கொள்ளும் கை கிடையாது.

தோல் அன்றன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். ஒரு நாள் கிடந்தால் பழுப்பாகிவிடும், சாயம் போயே போய்விடும். ஒரு கைப்பிடித் தோலை நசுக்கி, மூழ்கும் அளவு ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிப் பாதி ஊற்றி, சில சொட்டு வினிகர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, காபி வடிகட்டும் துணியில் வடிகட்டுங்கள். வினிகர் விட்டால்தான் சிவப்பு நிற்கும். பழம் பறிக்காத மாதமாக இருந்தால் நாவல் பழம், மாதுளை முத்து, கடையில் கிடைக்கிற செம்பருத்தி டீ, எதுவும் ஆகும். ஆனி, ஆடியில் சேலம் சந்தையில் நாவல் வரும்போது சாறெடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

சுட்ட கண்ணாடி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சாயத்தில் கவிழ்க்காமல், பூச்சு மேலே தெரியும்படி மூழ்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். சாறு சிவப்பு, ஆனால் பூச்சு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். சாயம் வெறுமனே படியாமல் டைட்டானியத்தோடு பிணைந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே சாட்சி. வெள்ளை இன்னும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஊறட்டும். பிறகு தண்ணீரில் ஒருமுறை, ஆல்கஹாலில் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்துங்கள்.

இன்னொரு கண்ணாடியை மஞ்சளில் ஊறவைக்கலாம், நம் பக்கம் மஞ்சளுக்குப் பஞ்சமா என்ன. குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரைத்து வடிகட்ட வேண்டும். மஞ்சள் பூச்சு 425 நானோமீட்டர் பக்கம், அதாவது ஊதா, நீல ஒளியை நன்றாக வாங்கும், பச்சைக்கு அவ்வளவாக அசையாது. காபித் தோல் பூச்சு பச்சைக்கு நன்றாக அசையும், நீலத்துக்கும் ஓரளவு அசையும். இந்த வித்தியாசம் பின்னால் உதவும்.

எதிர்முனை, கரைசல், மூடுவது

இன்னொரு கண்ணாடியின் கடத்தும் பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடரின் மேல் அரை நிமிடம் ஆட்டிப் பிடித்துக் கரி படியவிடுங்கள். அல்லது 6பி பென்சிலால் அழுத்தித் தேயுங்கள், அதுவும் சரிதான். அயோடினுக்கு எலக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுப்பது இந்தக் கரிதான்.

கரைசலுக்கு 10 மி.லி. எத்திலீன் கிளைகாலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.127 கிராம் அயோடின். நன்றாகக் கலக்கி, கருப்புப் பாட்டிலில் வையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது. தண்ணீர் பட்டால் சாயம் மெல்லக் கழன்றுவரும். மழைக்காலத்து ஏற்காட்டில் காற்றே ஈரம், அங்கே இந்த வேலையை வெயில் வந்த நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாயக் கண்ணாடியும் கரிக் கண்ணாடியும் பூச்சுப் பக்கம் முகத்தோடு முகம் பார்க்க, ஆனால் பக்கவாட்டில் அரை சென்டிமீட்டர் விலகி இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரண்டு பக்கமும் பைண்டர் கிளிப் போடுங்கள். விலகி நிற்கிற ஓரங்களில்தான் முதலைக் கிளிப் மாட்டப் போகிறோம். இடுக்கில் கரைசலை ஒரு சொட்டு வைத்து ஒரு கிளிப்பைத் திறந்து மூடினால் பழுப்பு நீர் தானாக உள்ளே ஏறி, பூச்சு முழுக்க நனைவது கண்ணாடி வழியாகத் தெரியும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். வெயிலில் காட்டினால் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை வரும். சாயக் கண்ணாடி மைனஸ், கரிக் கண்ணாடி பிளஸ்.

வெளிச்சம் எப்போதும் சாயக் கண்ணாடிப் பக்கத்திலிருந்தே விழ வேண்டும். கரிப் பக்கம் வெளிச்சத்தை மறைத்துவிடும் என்பது தெரிந்ததுதான். கரியை மெல்லிசாகப் பூசினால்கூட நடுவில் இருக்கிற அயோடின் கரைசல் நீல ஒளியை விழுங்கிவிடும், உங்கள் நீல உள்ளீடு பாதி வழியிலேயே செத்துப்போகும்.

இருட்டுப் பெட்டியும் முதல் அளவும்

செருப்புப் பெட்டி ஒன்றை உள்ளே கருப்புக் காகிதம் ஒட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் இரண்டு ஓட்டை: ஒன்றில் பச்சை எல்இடி, 525 நானோமீட்டர் பக்கம், இன்னொன்றில் நீலம், 465 பக்கம். ஒவ்வொன்றுக்கும் 220 ஓம் ரெசிஸ்டரும் தொடரில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் (திருகினால் மின்தடை கூடிக் குறையும் சாமான்) போட்டு 5 வோல்ட்டில் மாட்டுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் அவசியம், ஏனென்றால் இரண்டு உள்ளீடும் தனித்தனியாகக் கிட்டத்தட்ட ஒரே அளவு மின்னோட்டம் தரும்படி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சமன்செய்ய வேண்டும். எல்இடிக்கும் கலத்துக்கும் உள்ள தூரம் அசையவே கூடாது.

மல்டிமீட்டர் 200 மைக்ரோஆம்பியர் அளவில். முதலில் எல்லா வெளிச்சத்தையும் அணைத்து, பெட்டியை மூடி, இருட்டில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக விளக்கைப் போட்டவர்கள் எடுத்த கணக்கை நம்ப முடியாது. பெட்டி இடுக்கில் டியூப்லைட் வெளிச்சம் கசிந்தால் அது உங்கள் பூஜ்யத்தையே தூக்கிவிடும். பிறகு பச்சை மட்டும், இருட்டு, நீலம் மட்டும், இருட்டு, இரண்டும், இருட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருட்டுக்குத் திரும்புங்கள். இந்தக் கலம் கொஞ்சம் மந்தமானது, விளக்கைப் போட்டதும் எண் ஏறிப்போய் மெல்ல நிலைக்கும், நிலைத்த பிறகே எழுத வேண்டும். அடுத்த சுற்றில் வரிசையை மாற்றி எடுங்கள். வரிசை மாறினால் எண்ணும் மாறுகிறது என்றால் கலம் சூடாகிறது அல்லது சாயம் தேய்கிறது. அது தெரியாமல் கோடு போடக் கூடாது.

ஒரு கண்ணாடி, இரண்டு கேட்

உதாரணத்துக்கு இருட்டில் 0, பச்சை மட்டும் 12, நீலம் மட்டும் 12, இரண்டும் 24 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வெளிச்சத்தில் இந்தக் கலத்தின் மின்னோட்டம் ஏறக்குறைய வெளிச்சத்தின் அளவுக்கு நேராகவே கூடும், அதனால்தான் இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகை வருகிறது. கோட்டை 6-ல் போட்டால் ஏதாவது ஒன்று எரிந்தாலும் 1, ஆர் கேட். 18-ல் போட்டால் இரண்டும் எரிந்தால்தான் 1, ஆண்ட் கேட். இரண்டுக்கும் கோடு நடுவில் விழ வேண்டும், 11-லோ 13-லோ போட்டால் கலம் லேசாக ஆடினாலே விடை மாறிவிடும். கோட்டை முதல் சுற்றைப் பார்த்து முடிவு செய்து நோட்டில் எழுதி வைத்துவிட்டு, அதன்பிறகு எடுக்கிற சுற்றுகளை அந்தக் கோட்டை வைத்தே தீர்ப்பு சொல்லுங்கள். விடை பிடிக்கவில்லை என்று கோட்டை நகர்த்தினால் அது சோதனையே இல்லை.

எக்ஸார்

இதற்கு இரண்டு கலம் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் கருப்பு அட்டைத் தடுப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி எல்இடி. முதல் கலத்தின் பிளஸை இரண்டாம் கலத்தின் மைனஸோடும், முதலாவதன் மைனஸை இரண்டாவதன் பிளஸோடும் இணைத்து, அந்த இரண்டு இணைப்புக்கும் குறுக்கே மீட்டர். முதல் கலம் மட்டும் எரிந்தால் மீட்டரில் பிளஸ், இரண்டாவது மட்டும் எரிந்தால் மைனஸ், இரண்டும் எரிந்தால் ஒன்றின் மின்னோட்டத்தை இன்னொன்று அப்படியே வாங்கிக்கொண்டு மீட்டரில் பூஜ்யம் பக்கம். குறியைப் பார்க்காமல் அளவை மட்டும் பார்த்தால் எக்ஸார். குறியையும் பார்த்தால் எந்த உள்ளீடு எரிந்தது என்பதே தெரிந்துவிடும். பூஜ்யம் சரியாக வரவில்லையா? பொட்டென்ஷியோமீட்டரைத் திருகிச் சமன்செய்யுங்கள், அதுதான் இந்தக் கேட்டின் உயிர்.

இரண்டாம் எல்இடியை எப்போதும் எரியவிட்டு முதலாவதை மட்டும் போட்டு அணைத்தால் நாட் கேட் கிடைத்துவிடும்: உள்ளீடு இல்லையென்றால் மின்னோட்டம், உள்ளீடு வந்தால் பூஜ்யம். தடுப்பு இல்லாமல் ஒன்றை மஞ்சள் கலமாகவும் இன்னொன்றைக் காபிக் கலமாகவும் வைத்து நிறத்தாலேயே பிரிக்கலாம், ஆனால் நீலம் காபிக் கலத்தையும் கொஞ்சம் தட்டுவதால் சமன்செய்வது சிரமம். தடுப்பு வைத்துச் செய்து பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

உண்மையான மூலக்கூறு எக்ஸார்: ஆய்வகத்தில் மட்டும்

மேலே செய்ததில் கழித்தல் நடந்தது கம்பியில். கிராகோவ் குழு செய்ததில் கழித்தல் ஒரே மின்முனையின் மேற்பரப்பில் நடக்கிறது. பென்டாசயனோஃபெரேட் வகை இரும்புச் சேர்மங்களை ஒட்டிய டைட்டானியம் டை ஆக்சைடில், குறிப்பிட்ட மின்னழுத்தத்தில், புற ஊதா ஒளி ஒரு திசையிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளி எதிர்த்திசையிலும் மின்னோட்டம் தருகின்றன. இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மின்னழுத்தத்தை ஒரு பக்கமாக நகர்த்தினால் இரண்டும் ஒரே திசையில் ஓடும், ஆர் கேட். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் இதைவிட அழகான ஒரு சோதனை கிடையாது.

இதற்கு மூன்று மின்முனையும் பொட்டென்ஷியோஸ்டேட்டும் (மின்முனையின் மின்னழுத்தத்தைச் சொன்ன அளவில் நிறுத்தும் கருவி) வேண்டும். சயனோஃபெரேட் உப்புகளை அமிலத்தோடு சேர்ப்பதோ சூடாக்குவதோ கூடவே கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வரும். அதனால் வீட்டில் வேண்டாம், வேதியியல் பேராசிரியர் உடன் இருக்கும்போது மட்டும். புற ஊதா எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், அதற்கான பாதுகாப்பு மூக்குக் கண்ணாடி போடுங்கள்.

மூன்றில் ஒன்றான ஒப்பீட்டு மின்முனையை (மற்றதன் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவுவது) மட்டும் சேலத்தில் சுலபமாகச் செய்துகொள்ளலாம். கம்பி இழுக்கிற வெள்ளிப் பட்டறையில் "அண்ணா, சொக்க வெள்ளியில கம்பி ஒரு சாண் வேணுங்க" என்று கேளுங்கள். செம்பு கலந்த கொலுசு வெள்ளி ஆகாது. கம்பியை மெல்லிய உப்புக் காகிதத்தால் தேய்த்துத் துணி வெளுக்கும் ப்ளீச்சில் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் சில்வர் குளோரைடு படியும். அதைப் பொட்டாசியம் குளோரைடு நிறைகரைசலில் வைத்தால் 25 டிகிரியில் ஹைட்ரஜன் மின்முனையைவிட 0.197 வோல்ட் மேலே நிலையாக நிற்கும்.

ஏதாவது சரியில்லை என்றால்

மின்னழுத்தமும் இல்லை, மின்னோட்டமும் இல்லை: கண்ணாடி தலைகீழா, கடத்தும் பக்கம் வெளியே பார்க்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி சரியாக இருந்தும் மின்னழுத்தம் இல்லை: பூச்சில் துளை விழுந்து கரி நேராகக் கடத்தும் பரப்பைத் தொடுகிறது, பூச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நேற்று வந்தது இன்று வரவில்லை: கரைசல் வற்றிவிட்டது, சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் வைத்தால் அப்படித்தான் ஆகும், இடுக்கில் இன்னொரு சொட்டு விடுங்கள். பூச்சு வெளுத்துக்கொண்டே போகிறது: சாயம் ஒளியில் சிதைகிறது, பழச்சாயம் எல்லாவற்றுக்கும் இது உண்டு, அளக்காத நேரத்தில் இருட்டில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் அயோடின் கரைசலை அப்படியே சாக்கடையில் விடாதீர்கள். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் பழுப்பு மறைந்துவிடும், கிளைகால் இருப்பதால் அதையும் பாட்டிலில் சேர்த்து ஆய்வகக் கழிவோடு கொடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பூச்சை ஈரத் துணியும் பழைய ஏடிஎம் கார்டும் வைத்துச் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் துடைத்து, கடத்தும் பக்கத்தில் ஓரமாக ஒரு புள்ளி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கலத்துக்கு அதே கண்ணாடி ஆகும்.